கொக்கியும் கொக்கும்

(டிசம்பர் மாதம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்தில் பறவை பார்க்கும் குடில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மணி. பக்கத்தில் பழைய கூட்டாளி சேகர், கம்பளி ஜாக்கெட்டில்.)

சேகர்: குளிர்காலப் பறவைன்னீங்களேண்ணே, வேர்த்து ஊத்துது!

மணி: குளிர் அதுங்க ஊர்லடா. சைபீரியாவுல தரை உறைஞ்சு போனா இரை ஏது? அதான் செப்டம்பர்ல வந்து மார்ச் வரைக்கும் இங்கேயே கிடக்குதுங்க. நீ யாருக்காக ஜாக்கெட் போட்டே?

சேகர்: பறவை எங்க? வெறும் சேறுதான் தெரியுது.

மணி: கடல் வத்திக் கிடக்குல்ல? எல்லாம் பக்கத்துல மண்டாய் கடலோரச் சேத்துல புழு பொறுக்கப் போயிருக்கும். அங்க தண்ணி ஏறினா இங்க வந்துரும்.

சேகர்: எப்ப ஏறும்?

மணி: நாலு மணிக்கு.

சேகர்: இப்ப ஒண்ணேகால்தான் ஆகுது! பேரு மட்டும் மணி. 30 வருஷம் அந்தரத்துல உட்கார்ந்து கொக்கியைப் பார்த்தீங்க, ரிட்டயரானதும் கொக்கு.

மணி: கொக்கு இல்லடா, உள்ளான், உப்புக்கொத்தி. இதுவும் நம்ம துறைமுகத் தொழில்தான், டிரான்ஸ்ஷிப்மெண்ட். இறங்கும், லோடு ஏத்தும், சிலது ஆஸ்திரேலியாவுக்கே கிளம்பிரும்.

சேகர்: என்ன லோடு?

மணி: கொழுப்பு.

சேகர்: அப்ப நானும் கிளம்பலாம்.

மணி: நீயா? 2022-ல பட்டைவால் மூக்கன்னு ஒரு பறவை அலாஸ்காவுல கிளம்பி டாஸ்மேனியாவுலதான் இறங்குச்சு. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவுல எங்கயும் உட்காரலை. கிளம்புறதுக்கு முன்னாடி அதுங்க குடலையே சுருக்கிக்கும். நீ நாலு மணி நேரத் திருச்சி ஃபிளைட்டுல ரெண்டாவது சாப்பாடு கேட்டவன்.

சேகர்: காசு கொடுத்த டிக்கெட்டுண்ணே!

(நாசி லெமாக் தீர்கிறது. கோப்பி தீர்கிறது. சேகரின் புலம்பல் மட்டும் தீரவில்லை. தண்ணீர் ஏறுகிறது.)

மணி: வருது பார்!

சேகர்: அடேயப்பா! காலு செக்கச்செவேல்னு...

மணி: பவளக்காலி.

சேகர்: ஒத்தைக் காலை மடக்கிக்கிட்டு, மூக்கை முதுகுச் செறகுல செருகிக்கிட்டு... அண்ணே, எல்லாம் தூங்குதுங்க! இதைப் பார்க்கவா மூணு மணி நேரம் காத்துக் கிடந்தோம்?

மணி: தண்ணி வத்தினதும் மறுபடி வேலைக்குப் போகணுமேடா.

சேகர்: ராத்திரியிலயா?

மணி: பகல் ராத்திரியெல்லாம் கிடையாது. வத்தினா வேலை, ஏறினா தூக்கம்.

(சேகர் பைனாகுலரை மெல்ல இறக்குகிறார். மணி தொண்டையைக் கனைக்கிறார்.)

சேகர்: உஷ்! மெதுவாண்ணே. ஷிப்ட் முடிஞ்சு வந்து இப்பதான் கண்ணசந்திருக்குதுங்க.