தோட்டா காரை நிறுத்தாது

"போலீஸ் கை காட்டியும் நிற்காமல் போனால் சுட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள், முதலில் ஒரு தோட்டாவால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். ஒன்றரை டன் கார், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். கைத்துப்பாக்கித் தோட்டா அதன் வேகத்தைக் குறைக்காது. ஓட்டுபவர் மேல் பட்டால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆளிருக்காது. கால் ஆக்சிலரேட்டரிலேயே கிடந்தால் கார் இன்னும் வேகமாகப் பாயும். அமெரிக்காவில் நியூயார்க் போலீஸ் 1972-லேயே ஓடும் காரைச் சுடுவதற்குக் கடும் கட்டுப்பாடு போட்டுவிட்டது.

டெக்சாஸில் டூலியா அருகே, 2010 மார்ச். வாரண்ட் இருந்த ஒருவர் தப்பி ஓடுகிறார், வேகம் மணிக்கு 85 முதல் 110 மைல். துரத்தினால் சுடுவேன் என்று போனிலேயே மிரட்டுகிறார். ஆபத்தான ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் மேம்பாலத்துக்குக் கீழே போலீஸ் ஆணிப்பட்டை விரித்துக் காத்திருந்தது. அந்த ஆணிகள் உள்ளே துளையுள்ள குழாய்கள். டயரில் குத்தி நின்றால் காற்று மெல்ல மெல்ல இறங்கும், டயர் வெடிக்காது, கார் கையை விட்டுப் போகாது. 'பொறு, முதலில் ஆணி வேலை செய்கிறதா பார்ப்போம்' என்றுதான் மேலதிகாரியும் சொன்னார். பாலத்தின் மேல் நின்ற காவலர் எஞ்சினை நிறுத்துவதாக நினைத்து ஆறு முறை சுட்டார். ஓடும் காரைச் சுட அவருக்குப் பயிற்சியே கிடையாது. எஞ்சினில் ஒன்றுகூடப் படவில்லை. நான்கு தோட்டாக்கள் ஓட்டியவர் உடலில். அதற்குப் பிறகுதான் கார் ஆணிப்பட்டை மேல் ஏறி, நடுத்திட்டில் மோதி, இரண்டரை முறை உருண்டது. அவர் இறந்துபோனார். 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காவலர் மீது நஷ்டஈட்டு வழக்கு செல்லாது என்றது. நீதிபதி சோட்டோமயோர் ஒருவர் மட்டுமே எதிர்த்து எழுதினார். அவர் எழுதியதுதான் சரி. சில நொடிகள் பொறுத்திருந்தால் கீழே இருந்த ஆணிகளே வேலையைப் பார்த்திருக்கும்.

அப்படியானால் எப்போதுமே சுடக்கூடாதா? 2016 ஜூலை 14, பிரான்ஸின் நீஸ் நகரம். கடற்கரைச் சாலையில் கூட்டத்துக்குள் 19 டன் லாரி. 86 பேர் செத்தார்கள். அங்கே லாரியே ஆயுதம். ஒதுங்க இடமில்லாத கூட்டத்தின் மேல் அதை ஏற்றிக்கொண்டே போகிறவனைச் சுட்டுத்தான் நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினார்கள். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

நம் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரை, கைது செய்கிற பேரில் கொல்ல உரிமை கிடையாது (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 43). உயிர் காக்கும் தற்காப்புரிமை தனி. சோதனைச் சாவடியில் நிற்காமல் போவது மரண தண்டனைக் குற்றமல்ல. வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டால் ஆளை வீட்டிலேயே போய்ப் பிடிக்கலாம்.

கடைசியாக, அதே டெக்சாஸின் ஹூஸ்டன், 2016. டோல் பாக்கி இருந்த வாடகைக் கார். நிறுத்திய கார் நகரத் தொடங்கியதும் காவலர் கதவுப் படியில் தாவி ஏறி, இரண்டே நொடியில் சுடத் தொடங்கி, இரண்டு முறை சுட்டார். கார் நகரத் தொடங்கியதற்கும் நின்றதற்கும் இடையே மொத்தம் ஏறத்தாழ ஐந்து நொடி. படியில் தொங்கிய அந்த இரண்டு நொடியை மட்டும் பார்த்த கீழ்நீதிமன்றம் காவலர் பக்கம் நின்றது. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முறை தவறு, நடந்ததை முழுதாகப் பார் என்றது. தானே வலியப் போய் வரவழைத்துக்கொண்ட ஆபத்தைக் காட்டிச் சுடலாமா என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லவில்லை. கூடாது என்பேன். அந்தக் காவலர் படியில் ஏறாமல் தரையிலேயே நின்றிருந்தால் சுடுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.