25 டொலர் கட்டியதும் அப் வெளிவந்துவிடாது

"25 டொலர் கட்டினால் அன்றைக்கே பிளே ஸ்டோரில் அப் வந்துவிடும், அதோடு வேலை முடிந்தது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நிலாவெளியில் புறாத்தீவுப் படகுகளுக்கு முன்பதிவு அப் செய்ய நினைப்பவர்கள் இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அப் வெளியிடுவதற்கான கணக்கைத் திறக்கக் கூகுளுக்குக் கட்டும் 25 டொலர் சரிதான், ஒரு தடவை கட்டினால் போதும். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், முதலில் குறைந்தது 12 பேர் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் அப்பைப் போட்டுப் பார்க்கும் சோதனை) தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும். முன்பு 20 பேர் கேட்டார்கள். மச்சான்மாருக்கு வட்ஸ்அப்பில் லிங்க் தட்டிவிட்டால் ஆகாது. ஒவ்வொருவரும் தன் கூகுள் கணக்கால் உள்ளே போய்ச் சோதனையில் சேர்ந்தால்தான் எண்ணிக்கையில் வருவார். அப்புறம்தான் வெளியிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை. ஐபோனுக்கும் அப் வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டொலர் கட்ட வேண்டும்.

"வேலை முடிந்தது" என்பதுதான் பெரிய பிழை. எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கு அப் பொருந்த வேண்டும் என்பதைக் கூகுள் ஆண்டுதோறும் உயர்த்துகிறது. புதுப்பிக்காமல் விட்டால், புதிய கைபேசி வைத்திருக்கும் சுற்றுலாப் பயணிக்கு உங்கள் அப் தேடினாலும் கிடைக்காது. மே மாதச் சீசனுக்கு வேண்டுமென்றால் பெப்ரவரியிலேயே கணக்கைத் திறவுங்கள்.