சம்பளப் பட்டியலில் கடைசியில் நிற்பவர்கள்

அரசு ஊழியர் சங்கங்கள் போராட்டம் அறிவித்தாலே எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்துவிடும். "நம்ம வரிப்பணம் எல்லாம் இவங்க சம்பளத்துக்கே போயிடுது, இன்னும் எவ்வளவுதான் கேட்பாங்க?" என்பார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த என் சித்தப்பா. அவருக்கென்று சொல்லிக்கொள்ளும்படி பென்ஷன் இல்லை. பிஎஃப் பணமும் மகள் கல்யாணத்தில் கரைந்துவிட்டது. அவருடைய கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குக் கிடைக்காததை அடுத்தவரிடமிருந்தும் பிடுங்கினால் அவருக்கு என்ன வந்துவிடும்?

என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஓய்வூதியம் வருகிறது. மாத்திரை வாங்க எங்கள் யாரிடமும் அவர் கேட்டதில்லை. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல, உழைத்ததற்கு உரியது என்று உச்ச நீதிமன்றமே 1982-இல் நகாரா வழக்கில் சொல்லிவிட்டது. அந்த ஓய்வூதியம்தான் 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போய், சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கும் சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரை ஜெயலலிதா அரசு ஒரேயடியாக நீக்கியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப வேலைக்குப் போனார்கள். ஓய்வூதியமும் வேலையும் இப்படிப் பறிபோகலாம் என்பதால், சங்கமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, சங்கங்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லையா? இருக்கிறது, நிறையவே.

31.5.2009 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, அதே பாடப் புத்தகம். விலைவாசி உயர்வுக்காகத் தரும் அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தின்மேல் கணக்காவதால் அந்த 3,170 ரூபாய் அப்படியே நிற்பதில்லை, வருடா வருடம் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. அப்புறம் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லிக்கொடுப்பவர்கள். அந்தச் சம்பளம் 12,500 ரூபாய் ஆவதற்கே பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. அதே பள்ளியில் அடுப்படியில் நிற்கும் சத்துணவுப் பணியாளருக்குக் காலமெல்லாம் சமைத்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகள் மாதம் 2,000 ரூபாயாகவே இருந்தது.

சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை முடிந்து தலைவர்கள் வெளியே வந்து பேசும்போது அகவிலைப்படியும் பென்ஷனும் முதலில் வருகின்றன. இவர்கள் விஷயம் 'பரிசீலனையில்' நின்றுவிடுகிறது. அடுத்த போராட்டத்தில் முதல் கோரிக்கையாக இவர்களுடையதை வையுங்கள், அது தீராமல் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு ஊழியர் என்றாலே கொழுத்த சம்பளம் என்று நம்புகிற என் சித்தப்பா போன்றவர்கள் அப்போது உங்கள் பக்கம் வருவார்கள்.

போன வாரம் அவரிடமே கேட்டேன், பேத்தி படிக்கிற பள்ளியில் சமைக்கும் அக்காவுக்கு என்ன சம்பளம் தெரியுமா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெரியலப்பா. நாளைக்குப் பாப்பாவைக் கூப்பிடப் போறப்ப கேக்குறேன்" என்றார்.