நட்டாச்சு, அப்புறம்?

மரம் நடுவிழாவுக்கு ஆள் சேர்ப்பது சுலபம். குழி, பூவாளி, கேமரா எல்லாம் தயாராக இருக்கும். அடுத்த கோடையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தெருவோரக் கன்று வேர் பிடித்துத் தானாக நிற்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதற்குள் காய்ந்துபோனால் அதே குழியில் மறுபடி ஒரு விழா!

ஒரு நகரம் மரங்களை எப்படிக் கவனிக்கிறது என்று தெரிய நான் பார்ப்பது அடிமரத்தை. ஒட்டச் சிமெண்ட் பூசியிருந்தால் முடிந்தது கதை. வேர் ஆழத்துக்குத்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஓரிரண்டு அடிக்குள்தான் கிடக்கிறது. அதற்குக் காற்றும் வேண்டும். அதை மூடிவிட்டு, கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் சாக்கில் ஒரு பக்க வேரையும் வெட்டிவிட்டு, காற்றில் சாய்ந்ததும் 'பழைய மரம், அதான்' என்கிறோம்.

கிளை வெட்டுவது இன்னொரு கொடுமை. கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே வெட்டினால் மரமே காயத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். தண்டோடு வழித்து வெட்டினாலும் தப்பு, ஒரு முழக் குச்சியை விட்டு வெட்டினாலும் தப்பு. கனமான கிளை என்றால் முதலில் அடியில் ஒரு வெட்டு போட வேண்டும். இல்லாவிட்டால் விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. காயத்துக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீண் என்றார். கேட்டார்களா? இன்னும் டப்பாவோடுதான் வருகிறார்கள்.

உருப்படியாகச் செய்த ஊரும் உண்டு. நீண்ட வறட்சியில் மரங்கள் நலிந்தபின் மெல்போர்ன் மாநகராட்சி 2012இல் ஒரு திட்டம் போட்டது. எந்த ஒரு இனமும் மொத்த மரங்களில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. ஒரே நோயில் தெரு முழுக்க மொட்டையாகிவிடக் கூடாதல்லவா. புகார் சொல்ல வசதியாக ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். ஜனங்கள் மரத்துக்குக் காதல் கடிதம் எழுதியதுதான் செய்தியானது. எனக்கு அந்த எண்தான் பெரிது. எண் இருந்தால் மரம் காணாமல் போகும்போது கணக்கு இடிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? நடும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கட்டும்: பாதிப் பணம் நடும்போது, மீதி மூன்றாம் வருடம், உயிரோடு நிற்கும் கன்றுகளுக்கு மட்டும்.