எட்வர்டுக்கு முன்பே ஹென்றி

இங்கிலாந்தின் இடைக்காலத் தங்கக் காசு வரலாறு 1344-இல் மன்னர் மூன்றாம் எட்வர்டின் ‘இரட்டைச் சிறுத்தை’க் காசோடு தொடங்குகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்பே, 1257-இல், மன்னர் மூன்றாம் ஹென்றி தங்கப் பென்னியை வெளியிட்டுவிட்டார் (பென்னி என்பது அங்கு வழங்கிய சிறு வெள்ளிக் காசு). அதற்கு இரண்டு வெள்ளிப் பென்னிகளின் எடை, 20 வெள்ளிப் பென்னிகளின் மதிப்பு. லண்டன் நகரத்தார் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று அரசரே இறங்கிவர வேண்டியிருந்தது. பிறகு காசின் மதிப்பைவிட அதிலிருந்த தங்கத்தின் விலை கூடிப்போனதால் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. இன்று எட்டுக் காசுகள் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 2021-இல் டெவன் பகுதி வயலில் உலோகம் கண்டறியும் கருவிக்கு அகப்பட்டு, மறு ஆண்டு ஏலத்தில் 5,40,000 பவுண்டுக்குப் போனது. ‘எண்ணிக்கை குறைந்தால் விலை கூடும், அவ்வளவுதான்’ என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய வாசகருக்கு: இரட்டைச் சிறுத்தையில் மூன்றே காசுகள்தான் உள்ளன, இரண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். மூன்றாவது 2006-இல் 4,60,000 பவுண்டுக்கு விற்றது; எண்ணிக்கை குறைவு, ஆனால் விலையும் குறைவு. விற்ற ஆண்டுகள் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அரியணையில் அமர்ந்த ஹென்றியின் அந்தச் சின்னஞ்சிறு உருவத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், உருக்கும் உலைக்குத் தப்பி இது எப்படி வந்தது என்ற வியப்புதான் என்னைப் பிடித்துக்கொள்கிறது.