கூரையோர வாய்க்கால்

(ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், புரோக்கன் ஹில் நகரத்திலிருந்து மண்சாலையில் மூன்று மணி நேரம் வண்டியோட்டிப் போனால் வருகிற ஒரு செம்மறிப் பண்ணை. காலம், 2019ஆம் ஆண்டு நவம்பர். அந்த நாட்டில் மழையளவைக் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு வறண்ட ஆண்டு வேறு வந்ததில்லை. கணவன் சமையலறை நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். மனைவி வாசலிலிருந்து வருகிறாள்.)

மனைவி: கொட்டகையில் ஏணி சும்மா சாய்ந்திருக்கிறது, இங்கே நீயும் சும்மா சாய்ந்திருக்கிறாய். இருவரும் சேர்ந்து கூரையோரத் தகர வாய்க்காலில் அடைந்திருக்கும் மண்ணை அள்ளிப் போட்டால் என்ன?

கணவன்: மழையே இல்லாத இடத்தில் மழைநீர் வாய்க்காலைத் துப்புரவு செய்கிறவனைப் பார்த்தால், பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன நினைப்பார்?

மனைவி: பக்கத்துப் பண்ணை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பார்க்கிற கண் அவருக்கு இருக்குமானால், நேற்றைய புழுதிப் புயலில் பறந்துபோன நம் கோழிக்கூண்டின் கூரை எங்கே விழுந்தது என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கணவன்: நான் காலையிலிருந்து சும்மா இருக்கவில்லை. மேய்ச்சல் இல்லாத ஆடுகளுக்கு முல்கா மரக் கிளைகளை வெட்டிப் போட்டேன். பிறகு, வற்றிக்கொண்டிருக்கும் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்ச் சேற்றில் புதைந்து நின்ற நான்கு ஆடுகளைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினேன். அவற்றில் ஒன்று, மறந்துவைத்த எதையோ எடுத்துவரப் போவதுபோல, திரும்பவும் அதே சேற்றுக்குள் நடந்து போயிற்று.

மனைவி: அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. திருமணமான மறுவருடம் அடிலெய்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போன நானும் திரும்ப இங்கேதானே வந்தேன்.

கணவன்: (பேச்சை மாற்றும் அவசரத்தில்) குடிநீர்த் தொட்டியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே. அது தீர்ந்தாலும் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது.

மனைவி: அந்த உப்புத் தண்ணீரை ஆடுகள் குடிக்கும், ஏனென்றால் ஆடுகளுக்குத் தேநீர் போடும் பழக்கம் இல்லை. நான் சொல்லும் கணக்கைக் கேள். நம் கூரையின் பரப்பு 250 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஆகவே, வெறும் பத்து மில்லிமீட்டர் பெய்தாலும் நமக்கு 2,500 லிட்டர் தண்ணீர் வர வேண்டும். வாய்க்கால் இப்போது இருக்கிற நிலையில் பெய்தால் 2,500 லிட்டர் சேறுதான் தொட்டிக்குள் இறங்கும். அதில் நாம் புதைந்து நின்றால் கயிறு கட்டி இழுக்க ஆடுகள் வர மாட்டா.

கணவன்: புரோக்கன் ஹில் நகரத்துக்கு மட்டும், 270 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுகிற மர்ரே ஆற்றிலிருந்து இந்த ஆண்டு குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு யார் போட்டார்கள்?

மனைவி: நமக்கும் வானத்திலிருந்து ஒரு குழாய் உண்டு. அதன் வாயைத்தான் நீ அடைத்து வைத்திருக்கிறாய்.

கணவன்: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நான் ஏணி வைத்து ஏறி அந்த வாய்க்காலைப் பளபளவென்று துடைத்துவிட்டு இறங்கினேன். அன்றைக்கு ஓடிப்போன மழைதான், இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் கை ராசி அப்படி.

மனைவி: இதைக் கான்பெராவுக்கு உடனே எழுதிப் போடு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடேறி, நம் பக்கம் குளிர்ந்து கிடப்பதால்தான் மேகம் வரவில்லை என்று அறிஞர்கள் பாவம், இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆள் ஏணியில் ஏறியதுதான் காரணம் என்று தெரிந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கணவன்: மழையைப் பற்றியே பேசாமல் ஒருநாள் இருக்க முடியாதா?

மனைவி: நான் விட்டாலும் பள்ளிக்கூடம் விடவில்லை. தொலைதூரப் பண்ணைப் பிள்ளைகளுக்காகப் புரோக்கன் ஹில்லில் 1956இல் வானொலிப் பெட்டி வழியாகத் தொடங்கிய ஆகாயப் பள்ளி இப்போது செயற்கைக்கோள் இணையத்தில் நடக்கிறது அல்லவா? இன்று ஆசிரியை திரையில் வந்து, மழையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னார். "வங்கியிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் அப்பா சொல்கிற ஒரு சொல் மழை" என்று நம் மகள் எழுதினாள்.

கணவன்: ஐயோ! ஆசிரியை என்ன சொன்னார்?

மனைவி: எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்று பாராட்டினார்.

(நீண்ட மௌனம். தாயில்லாத மூன்று குட்டிகள் துணி துவைக்கும் அறையிலிருந்து பாலுக்குக் கத்துகின்றன. பண்ணை வீட்டில் மௌனம் என்பது இவ்வளவுதான்.)

கணவன்: சரி, ஏறுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. இந்த வீட்டில் ஒரு தொட்டித் தண்ணீரில் முதலில் மகள் குளிக்கிறாள், பிறகு மகன், பிறகு நீ, கடைசியாக நான். எனக்கு முறை வரும்போது அது குட்டைத் தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. இன்று ஒருநாள் நான் முதலில் குளிக்க வேண்டும்.

மனைவி: நீ கடைசி அல்ல, உனக்குப் பிறகு எலுமிச்சை மரம் இருக்கிறது. நீ முதலில் இறங்கிய தண்ணீரில் பிள்ளைகள் குளித்தால் முன்பைவிட அழுக்காக வெளியே வருவார்கள். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். தலையில் ஊற்றிக்கொள்ள ஒரு குவளை நல்ல தண்ணீர் தனியாகத் தருகிறேன்.

கணவன்: இரண்டு குவளை.

மனைவி: ஒன்றரை. அதற்கு மேல் பேசினால் குட்டிகளுக்கு நீதான் பால் புகட்ட வேண்டும்.

(ஏணி வருகிறது. கணவன் ஏறுகிறான். சிறிது நேரம் தகரத்தின்மேல் கரண்டி உராயும் ஓசை மட்டும் கேட்கிறது.)

கணவன்: (கூரையிலிருந்து) இங்கே வந்து பார்! வாய்க்கால் நிறைய மண்தான். ஆனால் இது நம் பண்ணை மண்ணே அல்ல. நம்முடையது செம்மண், இது வெளிறிப்போய் இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவிலிருந்து காற்றோடு வந்திருக்க வேண்டும்.

மனைவி: பண்ணையை விரிவாக்கக் கூடுதல் நிலம் வாங்க வேண்டும் என்று எத்தனை ஆண்டுகளாகப் புலம்பினாய்! கடனும் இல்லாமல், பத்திரச் செலவும் இல்லாமல் வீடு தேடி வந்திருக்கிறது. சிந்தாமல் கீழே கொண்டு வா.

கணவன்: இதை வைத்து என்ன செய்வது? இந்த மண்ணில் ஒரு புல்கூட முளைக்காது.

மனைவி: அப்படியானால் நம் நிலத்தோடு நன்றாகவே சேர்ந்துகொள்ளும்.