கவுண்டரில் இருப்பவர்களுக்கும் பயிற்சி வேண்டும்

பல்கலைக்கழகத் தரம் என்றால் விரிவுரையாளர், ஆய்வு, தரவரிசை என்று பேசிக்கொண்டே போகிறோம். ஒரு பிள்ளை சிக்கலில் மாட்டும்போது முதலில் வந்து நிற்பது பதிவாளர் அலுவலகக் கவுண்டரில். அங்கே இருக்கும் கிராணிக்கு (எழுத்தருக்கு) விவரம் தெரிந்திருந்தால் ஒரு செமஸ்டர் தப்பும். தெரியாவிட்டால் போனது போனதுதான். கோலாலம்பூரில் பல வருடங்களாக இந்த வேலையில் இருப்பவள் நான். பயிற்சி மிக அதிகமாகத் தேவைப்படுகிற இவர்களுக்குத்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 10 மலேசிய ஊழியர்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாகக் கட்டுகின்றன. பயிற்சிக்கென்றே இருக்கும் பணம் அது. ஆனால் கவுண்டர் ஊழியர்களுக்குக் கிடைப்பது என்ன? புது சிஸ்டம் வந்தால் எந்தப் பட்டனை அழுத்துவது என்று அரை நாள் வகுப்பு. வருடத்தில் ஒருமுறை தன்முனைப்புப் பேச்சு. அவ்வளவுதான்.

வேலையில் வரும் சிக்கல் வேறு மாதிரி. அப்பா இறந்துபோய் மூன்று வாரம் வகுப்புக்கு வராத மாணவி ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். பல இடங்களில் 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. "பார் பண்ணியாச்சு (தடை போட்டாயிற்று), ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்புவது சுலபம். விவரம் தெரிந்தவர் முதலில் தேதியைப் பார்ப்பார். பாடத்தைக் கைவிடும் கெடு தாண்டிவிட்டதா? இறப்புச் சான்றிதழை வைத்து வருகையில் விலக்குக் கேட்க இடமுண்டா? செமஸ்டரையே ஒத்திவைக்கலாமா? அப்புறம், பலர் கேட்க மறக்கும் கேள்வி: "பிடிபிடிஎன் கடன் எடுத்திருக்கிறாயாம்மா?" அரசு தரும் உயர்கல்விக் கடன் அது. படிப்பை ஒத்திவைத்தால் கடன் பணம் வருவது நிற்கும். அந்தப் பணத்தில் அறை வாடகை கட்டும் பிள்ளைக்கு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். அவள் திரும்பி வந்த பிறகு, பணம் மறுபடி வர என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து.

இதில் ஒரு பாதி பதிவுப் பிரிவுக்குத் தெரியும், ஒரு பாதி நிதிப் பிரிவுக்குத் தெரியும். மாணவர் விவகாரப் பிரிவு மாடியில் இருக்கும். பிள்ளைதான் அழுத கண்ணோடு மூன்று இடத்துக்கும் ஏறி இறங்குகிறாள். அதனால் நான் முதலில் கேட்பது இடமாற்றுப் பயிற்சி. ஒவ்வொரு புது ஊழியரும் மற்ற இரண்டு பிரிவுகளிலும் சில வாரம் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். இதற்குச் செலவே கிடையாது.

பெற்றோர் அழைப்பு இன்னொரு பாடம். "தங்கச்சி, மகன் பாஸா பெயிலா, அதை மட்டும் சொல்லும்மா" என்று ஓர் அப்பா போனில் கெஞ்சுவார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்தது. வயது வந்த மாணவனின் சம்மதம் இல்லாமல் அவன் முடிவுகளைச் சொல்லக்கூடாது. சட்டத்தைச் சொல்லிப் பட்டென்று போனை வைப்பவர் உண்டு. இரக்கப்பட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுபவரும் உண்டு. "ஐயா, மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லத் தெரிவது ஒரு திறமை. அது பழகினால்தான் வரும்.

நம் பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மைகார்டில் (அடையாள அட்டையில்) ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று அப்பா பெயரோடு சேர்ந்திருக்கும் பெயரை, குடும்பப் பெயர் கேட்கும் வெளிநாட்டு மென்பொருளில் ஏற்றும்போது சாய்கோடு விடுபட்டுவிடும். ஓரிடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். பட்டச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாத சங்கடம், மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். பட்டமளிப்புப் பட்டியலை மூடுவதற்கு முன் பெயரை மைகார்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட, இனம் எதுவானாலும் எல்லா ஊழியர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மிக முக்கியமானது மனநலம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை 2023-இல் நீக்கினார்கள். மனமுடைந்தவர்கள் போனில் அழைத்துப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970-லிருந்து இயங்குகிறது. ஆனால் படிப்பை நிறுத்தும் விண்ணப்பப் பாரத்தை நீட்டும் மாணவனின் முகத்தைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் உட்காருப்பா" என்று சொல்லக் கவுண்டரில் ஆள் வேண்டும். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுப்பது போதாது. ஆலோசகர் அறை வரை கூடவே நடந்து போக வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய கவுண்டரை யார் பார்ப்பது என்பதையும் மேலதிகாரி முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரிப் பதிவாளர்கள் 1910-லேயே தங்களுக்கென்று சங்கம் அமைத்துவிட்டார்கள். இது தனித் தொழில், இதற்குத் தனி அறிவு வேண்டும் என்று அப்போதே நினைத்திருக்கிறார்கள். நாம் இன்னும் இதைப் பாரம் வாங்கிவைக்கும் வேலையாகத்தான் பார்க்கிறோம்.

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். சேர்க்கைக் கூட்டம் ஓய்ந்த பிறகு வாரத்தில் ஒரு மணி நேரம் கவுண்டரை மூடுங்கள். அந்த வாரம் வந்த சிக்கலான ஒரு விண்ணப்பத்தை, மாணவர் பெயரை மறைத்துவிட்டு மேசையில் வையுங்கள். மூன்று பிரிவும் சேர்ந்து பேசட்டும். ஓய்வு பெறப்போகும் மூத்த கிராணியை முதலில் பேசவிடுங்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாதது அவரிடம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பயிற்சி நேரமாகக் கணக்கில் எழுதி, பதவி உயர்வின்போது மதிப்பிடுங்கள்.